லா ரூவியேரில் இரண்டு நெருப்பு

சோலாஞ்ச் வலாத்தைப் பற்றி யாராவது “பாவம், தனியா மலைமேல கெடக்கா” என்று உச்சுக் கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமா? அவளா? அவள் வாயில் அகப்பட்டவர்கள்தான் பாவம். மோந்த்ரூ மேயர் அலுவலகத்தில் செயலாளராக முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். நாலு மேயர்களைப் பார்த்தாயிற்று. வாசலில் அவளுடைய நீல வண்டி வந்து நின்றால் நாலு பேருமே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டவர்கள்தான்.

என் பெயர் ஜினெத். வாரத்துக்கு இரண்டரை நாள் மோந்த்ரூ, மிச்ச நாள் பக்கத்திலுள்ள இரண்டு கொம்யூன்கள், அதாவது ஊராட்சிகள். பிறப்பு, இறப்பு, கல்யாணம், கல்லறைக் குழி, நாய் காணாமல் போன புகார், பனி தள்ளும் வண்டி எல்லாமே என் மேஜை வழியாகத்தான் போகும். மேயர் கையெழுத்துப் போடுவார். எங்கே போட வேண்டும் என்று நான் விரல் வைத்துக் காட்டுவேன்.

எங்கள் கொம்யூனில் நூற்று எண்பத்தேழு பேர். கொம்யூனுக்கு மேலே கேன்டன், அதற்கு மேலே லொஸேர் மாவட்டம், அதற்கும் மேலே ரீஜன் என்கிற மண்டலம். மேலே இருப்பதெல்லாம் மேலே இருப்பவர்களின் இஷ்டம். 2015-இல் ஒருநாள் எழுந்து பார்த்தால் எங்கள் கேன்டனைக் காணோம். பக்கத்துக் கேன்டன்களோடு சேர்த்துப் பிசைந்து பெயரையும் மாற்றிவிட்டார்கள். மறு வருஷம் ரீஜனையே இன்னொன்றோடு ஒட்டி, தலைநகரை மொன்பெலியேவிலிருந்து தூலூஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அலமாரியில் இருந்த, பழைய பெயர் அச்சடித்த கடிதத் தாள் அத்தனையும் குப்பை. நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சோலாஞ்ச் உள்ளே வந்தாள்.

“என்னடி, யாரு செத்தா?”

“ரீஜன் செத்துப்போச்சு. இனிமே நமக்குத் தூலூஸ்.”

“மொன்பெலியேக்காரன் எவனும் என் மாட்டை வந்து பார்த்ததில்ல. தூலூஸ்காரனும் பார்க்கப் போறதில்ல. எழுந்து போய்க் காப்பி போடுடி.”

அவளுக்கு அக்கறையெல்லாம் கீழே இருப்பதன்மேல்தான். கொம்யூனுக்கும் கீழே ஒன்று இருக்கிறது. பாரிஸில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. செக்‌ஷன் என்போம். ஒரு குக்கிராமத்தில் குடியிருப்பவர்கள் அத்தனை பேருக்கும் பொதுவான புல்வெளி, அல்லது காடு. தனியாக யார் பெயரிலும் பத்திரம் கிடையாது. விற்க முடியாது, மகளுக்கு எழுதிவைக்க முடியாது. அங்கே குடியிருக்கிறவரை உனக்கு உரிமை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாயா, அன்றோடு சரி. அங்கே குடியிருப்பவர்களை நாங்கள் தலை எண்ணிச் சொல்ல மாட்டோம், வீடு எண்ணியும் சொல்ல மாட்டோம். நெருப்பு எண்ணுவோம். “அந்த ஊர்ல எத்தனை நெருப்பு?” என்றால் எத்தனை அடுப்பு எரிகிறது, எத்தனை குடும்பம் வாழ்கிறது என்று பொருள். சோலாஞ்ச் இருக்கிற குக்கிராமமான லா ரூவியேரில் என் அப்பா காலத்தில் பதினொரு நெருப்பு. 2018-இல், இந்தக் கதை நடந்தபோது, இரண்டு.

ஒன்று சோலாஞ்சுடையது. 1956-இல் அந்த வீட்டில்தான் பிறந்தாள். பதினேழு வயதில் பாரிஸுக்குப் போய், எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் நடத்திய காப்பிக்கடையில் பதினோரு வருஷம் தட்டு தூக்கினாள். 1984-இல் அவள் அண்ணன் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனான். அடக்கம் முடிந்து திரும்புகிற வழியிலேயே ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்: மாட்டை வித்துடு, வீட்டைப் பூட்டிடு, பொம்பளை நீ தனியா என்ன பண்ணுவே. அவள் கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குள் போய்ச் சாணி அள்ள ஆரம்பித்தாள். யோசனை சொல்ல வந்தவர்கள் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, நாற்றம் தாங்காமல் கிளம்பினார்கள்.

பாரிஸிலிருந்து ஓர் ஆள் அவளைத் தேடிக்கொண்டு வந்ததும் உண்டு. நல்ல உயரம், நல்ல மீசை, நானே பார்த்தேன். ஒரு வாரம் இருந்தான். “அப்புறம் என்னடி ஆச்சு?” என்று கேட்டேன். “திரும்பிப் போலாம்னான். சரி, போன்னு பஸ் ஏத்திவிட்டேன்” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாட்டு வைத்தியர் முதல் தடவை வந்தபோது “முதலாளி எங்கம்மா?” என்று கேட்டாராம். “உங்க எதிர்ல நிக்குது, கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க” என்றாளாம்.

பதினாலு மாடுகள் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்து மாடுகள் வெளிர்பழுப்பு நிறம், கண்ணைச் சுற்றி மை தீட்டினதுபோல இருக்கும். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடக்கும். மே மாதம் இருபத்தைந்தாம் தேதி, புனித உர்பேன் திருநாளன்று, மேலே செக்‌ஷன் புல்வெளிக்கு ஏறும். அக்டோபர் வரைக்கும் அங்கேதான் மேயும். அந்தப் புல்வெளி இல்லையென்றால் சோலாஞ்சுக்குச் சொந்தமாக இருப்பது ஒரு கைக்குட்டை அகல வயல். அதில் மூன்று மாட்டுக்கு மேல் தாங்காது. அதனால்தான் சொல்கிறேன், செக்‌ஷன் போனால் மாடு போகும். மாடு போனால் அந்தப் பெண்பிள்ளை எதற்காக அந்த மலையில் முப்பத்துநாலு வருஷம் முதுகு ஒடிய உழைத்தாள்?

இரண்டாவது நெருப்பு உர்பேன் வலாத்துடையது. அவளுடைய பெரியப்பா மகன். இரண்டு பேரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வீட்டுக்கு வீடு நாற்பது அடி. 1999-இல் ஊற்றுத் தண்ணீர் விழுகிற கல்தொட்டியை உர்பேன் இரண்டு மீட்டர் தன் பக்கமாக நகர்த்திவிட்டான். கசிவு என்றான் அவன். களவு என்றாள் அவள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவரவர் நாயிடம் சத்தமாகச் சொல்வார்கள். “ஏய் ரோமேயூ, நாளைக்கு மின்சாரம் கிடையாதாம், சில ஜென்மங்களுக்குத் தெரியாது!” என்று சோலாஞ்ச் கத்துவாள். எதிர் வீட்டிலிருந்து உர்பேன், “தெரியும்னு சொல்லு பெர்லா, நமக்கும் லெட்டர் வந்துச்சு!” என்பான். நாய்கள் இரண்டும் மண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். நான் சிரித்தால் இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

2017 நவம்பரில் கொட்டகைப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள் சோலாஞ்ச். விழுந்தவள் கால்மேல் ஒரு மாடு காலை வைத்தது. இரண்டு இடத்தில் முறிவு. ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரி, அப்புறம் கீழே நகரத்தில் நடை பழக்குகிற இல்லம். நவம்பர் எட்டாம் தேதி போனவள் மார்ச் கடைசியில்தான் திரும்பினாள். உடம்பு முடியாத விவசாயிக்குப் பதிலாக வேலை பார்க்க ஒரு ஆளை அனுப்புவார்கள். அப்படி ஒருவன் வந்து மாடுகளைப் பார்த்துக்கொண்டான். குளிர்காலம் பூராவும் அவன்தான் பார்த்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் ஊரில் இல்லாத அந்த நேரத்தில்தான் எங்கள் மேயர் ரெஜீஸ் அஸ்த்ரூக்குக்கு ஒரு யோசனை தட்டியது. தட்டினது என்றா சொன்னேன்? யாரோ வந்து தட்டிவிட்டுப் போனார்கள். நகரத்துப் பணக்காரர் ஒருவர் லா ரூவியேர் புல்வெளியைச் சுற்றி இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டு, உள்ளே மானும் பன்றியும் விட்டு, நண்பர்களோடு வந்து சுடுவதற்கு இடம் கேட்டார். செக்‌ஷன் நிலத்தைக் கொம்யூன் தன் இஷ்டத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. ஆனால் செக்‌ஷன் பட்டியலில் இருக்கிற வாக்காளர்களில் பாதிக்கு மேல் சம்மதம் என்று ஓட்டுப் போட்டால் நிலம் கொம்யூனுக்கு வந்துவிடும். வந்துவிட்டால் மேயர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

பட்டியலில் இருந்தது இரண்டே பேர். உர்பேன் சம்மதிப்பான் என்று ரெஜீஸுக்குத் தெரியும். உர்பேன் மூன்று வருஷம் முன்பே மாடுகளை விற்றுவிட்டு வெறுமனே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன். வேட்டை என்றால் உயிர். பூங்காவுக்குக் காவல்காரன் வேலை உனக்குத்தான், துப்பாக்கியும் ஜீப்பும் தருவோம் என்று சொன்னதும் முகம் மலர்ந்துபோனான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். சும்மா இருக்கிறவனுக்குத்தான் சும்மா இருப்பதன் கொடுமை தெரியும்.

மிச்சம் சோலாஞ்ச். அவள் சம்மதிக்க மாட்டாள். அவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால்?

ஏப்ரலில் ரெஜீஸ் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றுகொண்டு, “ஜினெத், எழுதிக்கோ” என்றான். நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், மரியாதையெல்லாம் தேசியக் கொடி ஏற்றும்போது மட்டும்தான். “லா ரூவியேர் செக்‌ஷன் பட்டியல் திருத்தம். வலாத் சோலாஞ்ச் நீக்கம். காரணம்...” என்று நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து யோசித்தான்.

“காரணம்?” என்றேன். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“நவம்பர் முதல் மார்ச் வரை மேற்படி வீட்டில் நெருப்பு எரியவில்லை.”

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். இந்தக் காரணத்தைச் சட்டம் தெரிந்த எவனும் இப்படி எழுத மாட்டான். ‘நிலையாகக் குடியிருக்கவில்லை, ஐந்து மாதம் வெளியூரில் இருந்தார்’ என்று எழுதியிருந்தால் அது வேறு வழக்கு, இழுத்துக்கொண்டே போயிருக்கும். ரெஜீஸ் எங்கள் மண்ணில் பிறந்தவன் இல்லையா? வாயில் வந்தது எங்கள் ஊர்ப் பேச்சு. வீட்டில் ஆள் இல்லை என்பதற்கு நெருப்பு இல்லை என்றான். இருபது தடவை அவனுடைய கடிதங்களைத் திருத்திக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். இந்தத் தடவை ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை. அவன் சொன்னது சொன்னபடி அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். போட்டான்.

அறிவிப்பை வாசல் பலகையில் நானே ஒட்டினேன். அடுத்த அரை மணியில் சோலாஞ்சுக்கு போனும் போட்டேன். அது என் வேலை இல்லைதான். இருந்தாலும் போட்டேன்.

“நெருப்பு இல்லையா? என் வீட்டுலயா? யாரு சொன்னா?”

“ரெஜீஸ்.”

“அவன் மூஞ்சியில நெருப்பை வெக்க. எதிர்ப்பு எழுதிக் குடுக்கணும்னா எங்கே குடுக்கணும்?”

“என்கிட்டத்தான்.”

“எழுதிக்கோ அப்போ. இது பொய். சோலாஞ்ச் வலாத். வேற ஒண்ணும் எழுதாதே, தாளை வீணாக்காதே.”

எதிர்ப்பு வந்தால் கவுன்சில் கூட்டத்தில் விசாரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். பத்துக் கவுன்சிலர்களும் வந்தார்கள். வழக்கமாக ஒரு ஈ கூட எட்டிப் பார்க்காத கூட்டத்துக்கு அன்றைக்கு நாற்காலி போதவில்லை. சோலாஞ்ச் கைத்தடியை டொக்கு டொக்கென்று ஊன்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். உர்பேன் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றான். அவள் இருக்கிற பக்கம் திரும்பவே இல்லை.

ரெஜீஸ் அறிவிப்பைப் படித்தான். சோலாஞ்ச் எழுந்தாள்.

“கால் உடைஞ்சு கெடந்தேன். அதுக்குப் பேரு ஊரை விட்டுப் போறதா? ரெஜீஸ், போன வருஷம் உனக்கு மூலம் ஆபரேஷன் ஆச்சே, பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்தியே, அப்போ நீ மேயரா இல்லையா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரெஜீஸுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அவன் தயாராகத்தான் வந்திருந்தான்.

“கால் உடைஞ்சதுக்கு எனக்கும் வருத்தம்தான் சோலாஞ்ச். கேள்வி அது இல்ல. நெருப்பு எரிஞ்சுதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. நாம யாரும் மலைமேல இல்ல. அங்கே இருக்கிற ஒரே ஆளைக் கேப்போம். உர்பேன், நாப்பது அடியில குடியிருக்கே. இந்தக் குளிர்காலத்துல இவ வீட்டுப் புகைபோக்கியில புகை வந்துச்சா?”

நெருப்பு என்று எழுதினால் புகையைக் கேட்பான், மாடு பார்க்க வந்தவன் அடுப்பு மூட்டியிருப்பான், அவனே சாட்சி என்பதுவரைக்கும்தான் நான் போட்ட கணக்கு. பதில் சொல்லப்போவது உர்பேன் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. பத்தொன்பது வருஷப் பகையாளி, வேலை கிடைக்கப்போகிற ஆள். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை போதும், அவள் கதை முடிந்தது. என் கொழுப்பால், அவன் சொன்னதைத் திருத்தாமல் விட்டு, அவளை நானே இந்தக் குழியில் தள்ளிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உர்பேன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

“வந்துச்சு” என்றான்.

“என்னிக்கு?”

“தினமும்.”

“தினமும்னா?”

“தினமும்னா தினமும்தான். ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸ், எல்லாம் சேத்து.”

ரெஜீஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டான். “அவதான் ஊர்லயே இல்லையே! யாருய்யா பத்தவெச்சது, பேயா?”

“நான்தான்.”

எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். உர்பேனுக்குத்தான் எரிச்சல், எல்லோரும் ஏதோ புரியாததைக் கேட்கிற மாதிரி. “அந்த ஆள் மூணு வாரம் வந்தான், அப்புறம் பனி ஜாஸ்தின்னு நின்னுட்டான். கொட்டகைக்குத் தண்ணிக் குழாய் அவ சமையலறை வழியா போகுது. அடுப்பு எரியலைன்னா குழாய் உறைஞ்சு வெடிக்கும். பதினாலு மாடு தாகத்துல சாகட்டும்னு விட்டுடறதா? மாடு என்ன பண்ணுச்சு என்னை? காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போயி மாட்டுக்கு வெச்சுட்டு அடுப்பையும் பத்தவெச்சேன். இதுல என்ன இருக்கு?”

சோலாஞ்ச் மெதுவாகத் திரும்பினாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், என் கண்ணில்தான் தண்ணீர் வந்திருந்தது.

“என் வெறகையாடா எரிச்சே?” என்றாள்.

“பின்ன உன் அடுப்புல என் வெறகையா எரிப்பாங்க?”

“அதான் பீச்மரக் கட்டை பாதியைக் காணோமேன்னு பார்த்தேன்! பைன் கட்டை பின்னாடி குமிஞ்சு கெடந்துச்சே, அதை எடுக்கக் கூடாது?”

“பைன் கட்டை எரிச்சா புகைபோக்கி அடைச்சுக்கும். உனக்கு என்னிக்கு அடுப்பு மூட்டத் தெரிஞ்சிருக்கு!”

பத்துக் கவுன்சிலர்களும் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரெஜீஸ் மட்டும் சிரிக்கவில்லை. “உர்பேன், நீ... நீ எங்க பக்கம்தானே?” என்று தழுதழுத்தான்.

“உங்க பக்கம்தான். அது ஓட்டு. இன்னிக்கு நீ கேட்டது புகை” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உர்பேன் வெளியே போனான். கவுன்சில் ஒருமனதாக அவள் பெயரைத் திரும்பவும் சேர்த்தது. காரணத்தை நான்தான் எழுதினேன்: நெருப்பு எரிந்தது.

சோலாஞ்சுக்கு நிம்மதி இல்லை. அன்றைக்கு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் எந்தப் பக்கம் போடுவான்னு நினைக்கறே?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். சட்டத்தில் பாதியா, பாதிக்கு மேலா என்று புரட்டிப் பார்க்காமல் அவளுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “மாட்டை வித்துட்டு நான் எங்கேடி போவேன்? பாரிஸுக்கா, இந்தக் காலை வெச்சுக்கிட்டுத் தட்டு தூக்கவா?” என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. மறு நிமிஷமே, “என்ன பார்க்கறே, வாயில ஈ போகப்போகுது” என்று அதட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அவள் பெயர் திரும்பி வந்த பிறகும், இரண்டில் ஒன்று வந்தால் பாதி, அதுவே போதும் என்று ரெஜீஸ் தன்னைத் தேற்றிக்கொண்டு ஓட்டை நிறுத்தவில்லை. ஓட்டுப்பதிவு மே மாதம் இரண்டாம் ஞாயிறு. மாடு மலை ஏற இன்னும் பன்னிரண்டு நாள். பெட்டி, திரைச்சீலைத் தடுப்பு, முத்திரை, உறை எல்லாம் ஜனாதிபதித் தேர்தலுக்கு வைப்பதுபோல வைத்தேன், வாக்காளர் இரண்டு பேருக்கு. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் இரண்டு பேரும் வாசலில் நிற்கிறார்கள். சோலாஞ்ச் போய்த் திரைக்குள் நுழைந்து மூன்று எண்ணுவதற்குள் வெளியே வந்தாள். உர்பேன் உள்ளே போனவன் ரொம்ப நேரம் வரவில்லை.

“என்னடா, தூங்கிட்டியா?” என்று சோலாஞ்ச் கத்தினாள்.

“ரகசிய ஓட்டுடி, பேசக் கூடாது!” என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

எட்டே காலுக்கு நூற்றுக்கு நூறு ஓட்டுப் பதிவாகிவிட்டது. ஆனால் சட்டப்படி மாலை ஆறு மணிவரைக்கும் பெட்டியைத் திறக்கக் கூடாது. ரெஜீஸ் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றான். “நீ போ, பெட்டியை நான் பார்த்துக்கறேன்” என்றாள் சோலாஞ்ச். அதைக் கேட்டதும் அவன் போகாமல் உட்கார்ந்துவிட்டான். ஆக நாலு பேரும் ஒரு தகரப் பெட்டியைச் சுற்றிப் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் அவள் பையிலிருந்து ரை தானிய ரொட்டியும் காய்ந்த சாஸேஜும் எடுத்து மடக்குக் கத்தியால் வெட்டினாள். உர்பேன் ஒரு பாட்டில் வைன் கொண்டுவந்திருந்தான். எனக்குக் கொடுத்தார்கள். ரெஜீஸுக்கு யாரும் கொடுக்கவில்லை. நான்தான் ஒரு துண்டு நீட்டினேன், என்ன இருந்தாலும் பெஞ்சு சினேகிதன். சாப்பிட்டு முடித்ததும் கல்தொட்டிச் சண்டையை ஆரம்பித்தார்கள் பாருங்கள், பத்தொன்பது வருஷம் நாயிடம் சொன்னதையெல்லாம் நேருக்கு நேராக! கசிவு, களவு, உங்க அப்பா, எங்க அப்பா, இரண்டு மீட்டர் இல்லை ஒன்றரை மீட்டர். நாலு மணி வரைக்கும் ஓயவில்லை.

ஆறு அடித்தது. ரெஜீஸ் பெட்டியைத் திறந்தான். முதல் உறை: வேண்டாம். சோலாஞ்சின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கைத்தடியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ரெஜீஸ் இரண்டாவது உறையைப் பிரித்தான்.

“சம்மதம்!” என்று துள்ளி எழுந்தான். “பாதி வந்தாச்சு! பாதி!”

சோலாஞ்ச் கண்ணை மூடிக்கொண்டாள். நான் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சீட்டு வைத்திருந்தேன். சத்தமாகப் படித்தேன். பாதி இல்லை. பாதிக்கு மேல். ரெஜீஸ் புத்தகத்தைப் பிடுங்கிப் படித்தான், திரும்பவும் படித்தான், புரட்டி அடுத்த பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். அப்புறம் உர்பேன்மேல் பாய்ந்தான்.

“அன்னிக்குக் கூட்டத்துல ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்கு நீ காவல்காரன்! ஜீப்பு! துப்பாக்கி! எல்லாம் உன் கையில இருந்துச்சேய்யா!”

“வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். நீதானே வந்துச்சான்னு கேட்டே. வந்ததை வரலைன்னு சொல்லச் சொல்றியா? நான் காவல்காரன் ஆகறதுக்கு அவ குடியே இல்லைன்னு ஆகணுமா? போடா” என்றான் உர்பேன்.

சம்மதம் ஒன்று, மறுப்பு ஒன்று, மாற்றம் இல்லை என்று நான் எழுதி முடித்தேன். ரெஜீஸ் விரல் வைத்துக் காட்டாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் இன்னும் சர்ச் சுவர்மேல் இருந்தது. சோலாஞ்ச் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். உர்பேன் நடந்தே மலை ஏறுவதற்குச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

“சம்மதம்னு போட்டது நீதானே?” என்றாள் அவள், இருந்ததே இரண்டு ஓட்டு என்பதை மறந்ததுபோல.

“பின்ன சர்ச்சு மணியா போட்டுச்சு?”

“வெக்கமா இல்ல?”

“எதுக்கு வெக்கம்? எனக்கு வேலை வேணும். உனக்கு மாடு வேணும். அடுத்த வருஷம் வெச்சாலும் சம்மதம்னுதான் போடுவேன்.”

“நானும் வேண்டாம்னுதான் போடுவேன்.”

“போடு, போடு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீ எனக்கு முன்னால போய்ச் சேர்ந்தியோ, உன்னைப் புதைச்ச மறுநாளே நான் ஒத்தை ஆளா வந்து ஓட்டுப் போட்டு அத்தனையும் எழுதிக் குடுத்துடுவேன். சத்தியமா.”

சோலாஞ்ச் கைத்தடியைப் பின் இருக்கையில் எறிந்துவிட்டு வண்டிக் கதவைத் திறந்தாள்.

“தெரியும்டா” என்றாள். “அதுக்காகவே சாக மாட்டேன். ஏறு.”